ஆறுவிரல் வெனான்ஸோ

எர்சீலியா கோர்பெல்லிக்கு இன்னும் ஒரே ஓர் எழுத்துதான் பாக்கி.

மற்ற பதினெட்டையும் கண்டுபிடித்துவிட்டாள். ஒன்று லண்டனில் ஒரு வக்கீல் வீட்டு வரவேற்பறையில் தொங்கியது. நான்கு கடல் தாண்டிப் போய் அமெரிக்காவில் ஓர் அருங்காட்சியகத்தின் இழுப்பறையில் கிடந்தன. இன்னொன்றைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கும் வயிறு எரியும்: மிலானில் ஒரு சீமாட்டி அதை விளக்குக் குடையில் ஒட்டி வைத்திருந்தாள். எங்கள் கஸ்தெல்வேர்னோ கோவில் பாட்டுப் புத்தகத்திலிருந்து அறுத்தெடுத்த எழுத்து, பொன்னும் நீலமுமாக ஐந்நூறு வருஷம் மங்காமல் இருந்த எழுத்து, அங்கே பல்பு சூட்டில் வறுபட்டுக்கொண்டிருந்தது. எர்சீலியா அந்த அம்மாளிடம் பணிவாக அனுமதி கேட்டு, முன்னும் பின்னுமாகப் படம் எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிப் படியிறங்கினாள். தெருவுக்கு வந்த பிறகுதான் வாயில் வந்த வசவையெல்லாம் கொட்டினாள்.

முன்பக்கத்தை அவள் அதிகம் பார்ப்பதில்லை. அவளுக்கு வேண்டியது முதுகுதான். தோல் ஏட்டின் ஒரு பக்கத்து எழுத்தை வெட்டினால் மறுபக்கத்துப் பாட்டும் சேர்ந்து போய்விடும். நாலு சுரப்புள்ளி, ஓர் அரைச் சொல். மீதி அரைச் சொல் புத்தகத்தில் ஓட்டையின் ஓரத்தில் நிற்கும். பதினெட்டு ஓட்டைகளின் ஓரமும் அவளுக்கு மனப்பாடம். எந்த ஊரில் எவர் சட்டகத்தைக் கழற்றிக் காட்டினாலும், முதுகைப் பார்த்த மாத்திரத்தில் இது நாற்பத்திரண்டாம் ஏடு, இது அறுபதாம் ஏடு என்று சொல்லிவிடுவாள். உர்பீனோவில் பழைய புத்தகங்களைச் செப்பனிடும் பட்டறையில் அவளுக்கு வேலை. கிடைத்த விடுமுறையெல்லாம் இப்படித்தான் போயிற்று. கல்யாணம் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துவிட்டது என்று எங்கள் ஊரில் பேசிக்கொள்வார்கள்.

பத்தொன்பதாவது எழுத்துக்கு ஓட்டையே கிடையாது. அதுதான் விஷயம். அதற்குப் பின்னால்தான் அவள் அப்பாவின் உயிரும் பெயரும் இருந்தன.

அப்பா அத்தீலியோ எங்கள் கோவில்பிள்ளை. மணி அடிப்பார், மெழுகுவத்தி கொளுத்துவார், சாவிக்கொத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு நடப்பார். அவர் பொறுப்பில் இருந்த பொருட்களிலேயே பெரியது அந்தப் பாட்டுப் புத்தகம். இரண்டு ஆள் சேர்ந்தால்தான் தூக்க முடியும். வருஷத்துக்கு ஒரே நாள், மே பதினெட்டு, எங்கள் பாதுகாவலர் புனித வெனான்ஸோவின் திருவிழா அன்று மட்டும் அதைத் திறப்பார்கள். திறப்பவர் பாட்டுக்காரர்களின் தலைவரான குரு. மற்ற முந்நூற்று அறுபத்து நாலு நாளும் அது பெட்டிக்குள் மூடிக் கிடக்க வேண்டும். திருநாள் அல்லாத நாளில் அதைத் திறந்தால் ஊரில் ஆலங்கட்டி விழும் என்று கிழவர்கள் சொல்வார்கள். அத்தீலியோ அதை நம்பினாரோ இல்லையோ, முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை.

1937 இலையுதிர் காலத்தில் ஓர் இளம் பேராசிரியர் வந்தார். பெயர் குய்தோபால்தோ தாந்தினி. பிஷப்பின் கடிதத்தோடு வந்து, ஆராய்ச்சி என்று சொல்லி, புத்தகத்தை மூன்று வாரம் தன் ஜாகைக்கு எடுத்துப்போனார். டிசம்பரில் அவரே கொண்டுவந்து பெட்டியில் வைத்து மூடி, ஒரு தாளை நீட்டினார். "முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்" என்று அதில் எழுதியிருந்தது. அத்தீலியோ கையெழுத்துப் போட்டார். பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. திருநாள் இல்லையே, எப்படித் திறப்பார்?

அடுத்த மே பதினெட்டு. கோவில் நிறையக் கூட்டம். பதினாலு வயது எர்சீலியா கையில் மெழுகுவத்தியோடு பாட்டுப் பீடத்தின் ஓரம் நின்றாள். குரு புத்தகத்தைத் திறந்து முதல் ஏட்டைத் தூக்கினார். ஏட்டின் நடுவில் இருந்த சதுர ஓட்டை வழியாக அவர் முகம் அவளுக்குத் தெரிந்தது. அந்த முகத்தை அவள் சாகும்வரை மறக்கப்போவதில்லை.

பதினெட்டு ஓட்டைகள். லத்தீன் திருவிழாப் பாட்டின் முதல் எழுத்தான பெரிய ஜி இருந்த பக்கத்தில் மட்டும் ஓட்டை இல்லை. அங்கே வேறொரு ஜி இருந்தது. பழைய பசைக் கறைக்கு நடுவே அரைகுறை வண்ணத்தில் புனித வெனான்ஸோ கை உயர்த்தி ஆசீர்வதித்துக்கொண்டிருந்தார், ஆறு விரலோடு. அப்போதுதான் ஊருக்குப் புரிந்தது: இத்தனை நூற்றாண்டு நாம் பார்த்த அழகான ஜி, தனித் தோலில் வரைந்து மேலே ஒட்டியது. கீழே இருந்தது ஓவியன் சொதப்பிய முதல் முயற்சி. திருடன் மேலே இருந்ததை உரித்துக்கொண்டு போய்விட்டான்.

விசாரணையில் பேராசிரியர் தாளைக் காட்டினார். "நான் முழுசாத்தான் குடுத்தேன். அவர் முழுசாத்தான் வாங்கினேன்னு கையெழுத்துப் போட்டிருக்கார். சாவி அவர்கிட்ட."

"நான் திறந்து பாக்கலைங்க ஐயா, திறக்கக் கூடாதுங்க" என்றார் அத்தீலியோ.

நீதிபதி சிரித்தார். முப்பது வருஷம் ஒரு புத்தகத்தைக் காத்தவன் அதைத் திறந்தே பார்த்ததில்லையாம்! நீதிமன்றமே சிரித்தது. ஐந்து வருஷம் போட்டார்கள். மூன்றாவது குளிர்காலத்தில் சிறையில் நெஞ்சுச் சளி கட்டி அத்தீலியோ போய்ச் சேர்ந்தார். எங்கள் ஊர் ரொம்ப யோக்கியமான ஊர், பாருங்கள்: சவ அடக்கத்துக்கு நாலு பேர்தான் போனோம்.

அத்தீலியோ செத்த அதே 1941-இல் பேராசிரியர் தாந்தினி ஒரு கட்டுரை எழுதிப் பெரிய ஆளானார். கஸ்தெல்வேர்னோவின் பெயர் தெரியாத ஓவியன் யார் என்று கண்டுபிடித்துவிட்டாராம். ஓவியன் பெயர் யாக்கோபோ. அந்த ஜி-யைப் பற்றி அவனே தன் கைப்பட எழுதிய ஒரு துண்டுச் சீட்டு மடத்துத் தலைவருக்குப் போன ரசீதுக் கட்டில் கிடைத்ததாம். அடிக்குறிப்பில் அதை வரி பிசகாமல் கொடுத்திருந்தார்: "முதல் தடவை ஆறு விரல் போட்டுவிட்டேன். அதை மறைக்க இதை ஒட்டினேன். கடவுளுக்குத் தெரியும், மடத்துத் தலைவருக்குத் தெரிய வேண்டாம். யாக்கோபோ." படித்தவர்கள் எல்லாம் ரசித்தார்கள். யாக்கோபோ புகழ் பெற்றான், அவனால் தாந்தினியும் புகழ் பெற்றார். சீட்டைப் பார்க்கலாமா என்று யாராவது கேட்பதற்குள் போர் வந்து, அந்த மடத்தின்மேல் குண்டு விழுந்து, எல்லாம் எரிந்துபோயிற்று. எத்தனை சௌகரியம்!

1949-இல் எர்சீலியா அந்தக் கட்டுரையை முதன்முதலாகப் படித்தாள். அடிக்குறிப்பை ஒரு தடவை படித்தாள், இன்னொரு தடவை படித்தாள், எழுந்து நின்றுவிட்டாள். மடத்துத் தலைவருக்குத் தெரிய வேண்டாம் என்று நினைக்கிறவன், அதை மடத்துத் தலைவருக்கே சீட்டாக எழுதி அனுப்புவானா? எந்தப் பைத்தியக்காரன் அப்படிச் செய்வான்? ஒளித்து எழுத வேண்டுமானால் அதற்கு ஓர் இடம்தான் உண்டு: ஒட்டும் தோலின் முதுகு. பசை தடவி ஒட்டியபின் யாரும் பார்க்க முடியாத இடம். அதைப் படித்தவன், உரித்தவன் மட்டும்தான்.

அவள் பேராசிரியருக்கு ஒரு கடிதம் போட்டாள், அந்தச் சீட்டு மடத்தில் எந்தக் கட்டில் கிடைத்தது என்று கேட்டு. பதிலாகக் கட்டுரையின் அச்சுப் பிரதி ஒன்று வந்தது. முதல் பக்கத்தில் அழகான கையெழுத்து: "பாவப்பட்ட அத்தீலியோவின் மகளுக்கு, மன்னிப்புடன்."

மன்னிப்புடன்! திருடியவனே மன்னிக்கிறானாம்! எர்சீலியா அன்று அழவில்லை. அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷம் அந்த ஜி-யின் முதுகைத் தேடினாள்.

வருஷா வருஷம் சுவிட்சர்லாந்துப் பத்திரிகைகளில் சின்னதாக ஒரு விளம்பரம் கொடுப்பாள். ஜி எழுத்துக்குள் கை உயர்த்தி நிற்கும் புனிதர் படம் யாரிடமாவது உண்டா, வாங்க வரவில்லை, பின்பக்கத்தை மட்டும் பார்க்க வேண்டும் என்று. 1971 மார்ச்சில் லுகானோவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. காலமான பல் வைத்தியர் ஒருவரின் மனைவி, ரொஸால்பா ஃபொன்தானா, எழுதியிருந்தாள்: "முதுகை மட்டும் பார்க்க ஆசைப்படும் பெண்ணே, புறப்பட்டு வா."

நாஸரேனோதான் தன் சின்ன ஃபியட்டில் கூட்டிப்போனான். எங்கள் ஊர்க் கல்தச்சன், பாட்டுக் குழுவில் கட்டைக் குரல், எர்சீலியாவோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவன். அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று மூன்று தடவை கேட்டு மூன்று தடவையும் வாங்கிக் கட்டிக்கொண்டவன். வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தான்.

"மேயர் என்னைக் கூப்பிட்டு என்ன சொன்னார் தெரியுமா? நம்ம அருங்காட்சியகத்துப் புது மண்டபத்துக்கு, அதோட தலைவர்னு, தாந்தினி பேர் வைக்கிறாங்களாம். சலவைக்கல்லுல பேரை நான் செதுக்கணுமாம். நான்! ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லித்தான் உளியத் தட்டுறேன்."

"நல்லா ஆழமாச் செதுக்கு" என்றாள் எர்சீலியா.

"ஏன்?"

"சொல்றேன். ரோட்டைப் பாத்து ஓட்டு."

ரொஸால்பா அம்மாள் சமையலறையிலேயே உட்காரவைத்துவிட்டாள். அடுப்பில் பொலெந்தா என்ற சோளமாவுக் களி கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு கையால் அதைக் கிண்டிக்கொண்டே மறு கையால் ஒரு சட்டகத்தைத் தள்ளினாள். அதேதான். ஐந்து விரல். நீலத்தில் பொன் நட்சத்திரம். பதின்மூன்று வயதுக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறாள்.

"என் புருஷன் எனக்குப் பூ வாங்கித் தந்ததில்ல, துணிமணி வாங்கித் தந்ததில்ல. இதை வாங்கிட்டு வந்து பல்லு புடுங்குற நாற்காலிக்கு எதுத்தாப்புல மாட்டினார். வலிக்கிறவன் சாமியப் பாத்துக்கிட்டு வாயத் திறப்பானாம்" என்றாள் ரொஸால்பா.

எர்சீலியா சட்டகத்தைக் கழற்றிக் கவிழ்த்தாள். முதுகு தெரியவில்லை. தோல் முழுவதையும் ஒரு தடித்த அட்டையில் ஒட்டியிருந்தது. அட்டையில் கடைக்காரனின் முத்திரை: லுகானோ, நவம்பர் 1938. பாதி முத்திரை அட்டையிலும் பாதி தோலின் மடித்த ஓரத்திலும் விழுந்திருந்தது. அன்றைக்குப் பிறகு யாரும் அட்டையைப் பிரிக்கவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

"அந்தாளு முதுகை ஒட்டி மூடிட்டுத்தான் வித்திருக்கான். அழிக்க மனசு வரல. படிச்ச திருடன் இல்லையா!" என்றாள் எர்சீலியா.

நாஸரேனோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "சரி, உங்கிட்ட மையொற்றுத் தாள் இருக்கு, தண்ணி இருக்கு. பிரிச்சுப் பாரேன்!"

"மாட்டேன்."

"என்னது?"

"இங்க பிரிச்சா, உள்ள நானே எழுதிட்டேன்னு சொல்லுவான். அவன் கண்ணு முன்னால பிரியணும். ஊரு கண்ணு முன்னால."

"உள்ள ஒண்ணுமே இல்லாம வெறுந்தோலா இருந்துச்சுன்னா? ஊரே கூடியிருக்கிற இடத்துல உன் மானம் போகுமே தாயே!"

"போகட்டும். எங்க அப்பா மானத்தோட சேந்துக்கட்டும்."

ரொஸால்பா கரண்டியை வைத்துவிட்டு, கதை முழுவதையும் கேட்டாள். நடுவில் ஒரு தடவை மட்டும் பொலெந்தாவை இறக்கி வைக்க எழுந்தாள். கேட்டு முடித்ததும் சட்டகத்தைச் செய்தித்தாளில் சுற்றி எர்சீலியாவின் மடியில் வைத்தாள்.

"எடுத்துட்டுப் போம்மா. உங்க ஊருக்கே குடுத்துட்டேன், பத்திரம் அனுப்புறேன். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். பிரியுறப்போ அந்தாளு மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு ஒரு கடுதாசி போடணும். ஒண்ணு விடாம எழுதணும், சரியா?"

மே பதினெட்டு வந்தது. பூசை முடிந்து ஊரே நகராட்சி மாடியில் இருந்த அருங்காட்சியகப் புது மண்டபத்துக்கு ஏறியது. சுவரில் சலவைக்கல், அதன்மேல் சிவப்புத் திரை. நடு மேஜையில் வெட்டுப்பட்ட பாட்டுப் புத்தகம், ஆறுவிரல் பக்கம் திறந்தபடி. கீழே சதுக்கத்தில் வாத்தியக் கோஷ்டி தயார். பேராசிரியர் தாந்தினிக்கு அறுபத்தைந்து வயசு. வெள்ளை முடியை வாரிவிட்டு, மார்பில் பதக்கம் குத்திக்கொண்டு, ராஜா மாதிரி வந்து உட்கார்ந்தார். எர்சீலியா ஓர் ஓரத்தில் கறுப்பு உடையில், மடியில் சட்டகத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஜி கிடைத்துவிட்டது என்று மேயருக்கு மட்டும் சொல்லியிருந்தாள். மேயர் சந்தோஷத்தில் அதை விழாவின் பெரிய ஆச்சரியம் என்று ஏற்பாடு செய்துவிட்டார். மனிதர் நல்லவர், ஆழம் மட்டும் கொஞ்சம் போதாது.

பேராசிரியர் பேசினார். வழக்கம்போல யாக்கோபோவின் வரியைச் சொன்னார். "கடவுளுக்குத் தெரியும், மடத்துத் தலைவருக்குத் தெரிய வேண்டாம்!" என்று கண்ணடித்தார். ஊர் வழக்கம்போலச் சிரித்தது. எர்சீலியாவும் சிரித்தாள், நாஸரேனோ அதைப் பார்த்துப் பயந்துபோனான்.

அப்புறம் மேயர் சட்டகத்தை வாங்கி எல்லோருக்கும் காட்டினார். கைதட்டு காதைப் பிளந்தது. பேராசிரியரின் கை மட்டும் கொஞ்சம் தாமதமாகத் தட்டியது. ஆனால் சட்டகம் எர்சீலியா மாற்றிப் போட்ட புதுசு, சுற்றிலும் அகலமான காகித விளிம்பு. அட்டை அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

"அசல்தானுங்களா பேராசிரியரே?" என்று எர்சீலியா எழுந்து கேட்டாள். "நோட்டரி ஐயா நன்கொடைப் பத்திரத்துல உங்க வாக்குமூலம் வேணும்னு சொல்றாரு. உங்களை விட்டா யாருக்குத் தெரியும்?"

அது அவருக்குத் தேன். நோட்டரியிடம் தானே சொல்லச் சொல்ல எழுதவைத்தார்: இது கஸ்தெல்வேர்னோவின் ஜி எழுத்து. 1937-இல் புத்தகத்தில் ஒட்டியிருந்த நிலையில் நான் இதைக் கடைசியாகப் பார்த்தேன். அதற்குப்பின் இன்றுதான் பார்க்கிறேன்.

"முதுகுப் பக்கத்தைப் பத்தி ஒரு வரி வேணாமுங்களா?"

"ஒட்டியிருந்த எழுத்துக்கு முதுகை எவன்மா பாத்திருக்க முடியும்?" என்று சிரித்தார். கூட்டமும் சிரித்தது.

"அதையும் எழுதிக்கோங்க ஐயா" என்றாள் எர்சீலியா. நோட்டரி எழுதினார்: அதன் முதுகை நான் கண்டதில்லை. பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். பிறகு அருங்காட்சியகத் தலைவர் என்ற முறையில் இன்னொரு தாள். எர்சீலியாதான் அதைத் தட்டச்சு செய்து வந்திருந்தாள். "முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்." அதிலும் கையெழுத்துப் போட்டார்.

"திறந்து பாக்கலையே பேராசிரியரே?"

"எதுக்கும்மா திறக்கணும்? உன் மேல நம்பிக்கை இல்லையா என்ன?"

"எங்க அப்பாவுக்கும் உங்க மேல நம்பிக்கை இருந்துச்சு. அவரும் திறக்கல."

அறையில் யாரோ இருமினார்கள். எர்சீலியா சட்டகத்தை மேஜையில் வைத்து, நாலு ஆணியைப் பிடுங்கி, ஜி-யை வெளியே எடுத்துக் கவிழ்த்தாள். அட்டை தெரிந்தது. ரொஸால்பா அம்மாவுக்காக அவள் அந்த நேரத்தில் நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தாள். ஒன்று விடாமல் பார்த்தாள்.

"முத்திரையப் படிங்க நோட்டரி ஐயா."

"லுகானோ. நவம்பர் 1938. பாதி தோல் மேல இருக்கு. பிரிச்ச தடயம் இல்ல."

"இதைப் பிரிக்கக் கூடாது!" பேராசிரியர் எழுந்துவிட்டார். "பொன் உதிரும்! நான் அனுமதிக்க மாட்டேன்!"

"இருவத்தஞ்சு வருஷமா இதான் என் தொழில். உங்க மாவுப்பசை எத்தனை நேரத்துல ஊறும்னு எனக்குத் தெரியும்."

'உங்க' என்ற சொல்லைக் கூட்டம் கவனித்தது. மேயர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். எர்சீலியா ஈர மையொற்றுத் தாளை அட்டைமேல் பரப்பினாள், மேலே ஒரு கண்ணாடி, கண்ணாடிமேல் தன் இரண்டு கையும். கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரம் அவளுக்குள் என்ன ஓடியது என்று நாஸரேனோவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். உள்ளே வெறுந்தோல் இருந்தால்? இருபத்திரண்டு வருஷமும் ஒரு பைத்தியக்காரியின் கற்பனையாக இருந்தால்? கீழே வாத்தியக்காரன் ஒருவன் பொறுமை இழந்து இரண்டு தடவை ஊதிப் பார்த்தான். பேராசிரியர் வாசலைப் பார்த்தார். அங்கே நாஸரேனோ கதவு அகலத்துக்கு நின்றுகொண்டிருந்தான்.

எர்சீலியா மழுங்கிய கத்தியை ஓரத்தில் நுழைத்தாள். அட்டை ஈரமாக, முணுமுணுப்பு போன்ற சத்தத்தோடு உரிந்து வந்தது. தோலின்மேல் பழுப்புப் பசை. பசைக்கு அடியில் கோடுகள். அவள் பஞ்சால் ஒரு தடவை ஒற்றினாள். பிறகு எங்கள் பங்குச் சாமி தோன் எலியோவை அழைத்தாள், ஏனென்றால் அவளுக்குக் கண் மறைத்துவிட்டது.

"சாமி, நீங்க படிங்க."

தோன் எலியோ கண்ணாடியை ஏற்றிவிட்டு லத்தீனில் முணுமுணுத்தார், நிறுத்தினார், மறுபடி முதலிலிருந்து எங்கள் பேச்சில் சொன்னார். "முதல் தடவை ஆறு விரல் போட்டுவிட்டேன். அதை மறைக்க இதை ஒட்டினேன். கடவுளுக்குத் தெரியும்…"

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. ஊருக்கே அந்த வரி மனப்பாடம். முப்பது வருஷமாகப் பேராசிரியர் வாயால்தானே கேட்கிறோம்! எர்சீலியா கைப்பையிலிருந்து அந்தப் பழைய அச்சுப் பிரதியை எடுத்துப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்தாள்.

"இது 1941. இந்த அட்டை ஒட்டுனது 1938. மூணு வருஷம் முன்னாடியே மூடிப்போன வரி உங்களுக்கு எப்படிக் கிடைச்சது? முதுகைக் கண்டதில்லைன்னு இப்பத்தான் எழுதிக் குடுத்தீங்க. மை இன்னும் காயல."

"துண்டுச் சீட்டு… மடத்துல…"

"தலைவருக்குத் தெரிய வேண்டாம்னு தலைவருக்கே சீட்டு எழுதினானா யாக்கோபோ? அவன் ஓவியன் ஐயா, உங்கள மாதிரி பேராசிரியர் இல்ல."

யாரோ பின்னால் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் அவரை உடைத்தது என்று நினைக்கிறேன். மேஜையில் ஓங்கி அறைந்தார். "யாக்கோபோவை உலகத்துக்குக் குடுத்தது யாரு? நான்! நான் உரிச்சுப் பாக்கலைன்னா அவன் பேரு பசையில கிடந்து அழுகியிருக்கும்! வருஷத்துக்கு ஒருநாள் திறந்து மெழுகு சொட்டவிடுற பட்டிக்காட்டுக் கூட்டம் நீங்க, உங்களுக்கு எதுக்குடா அந்தப் புத்தகம்?"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் நோட்டரி பழக்க தோஷத்தில் அதையும் எழுதிவிட்டிருந்தார்.

சட்டப்படி ஒன்றும் செய்ய முடியாது, காலம் கடந்துவிட்டது. எர்சீலியாவுக்கு அது முன்பே தெரியும். பேராசிரியர் படியிறங்கும்போது வழிவிட்டு விலகியவர்கள் யாரும் தொப்பியைத் தொடவில்லை. வாத்தியக் கோஷ்டிக்கு மேலே நடந்தது எதுவும் தெரியாது. அவர் தலை தெரிந்ததும் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வரவேற்புப் பாட்டை ஊதித் தள்ளினார்கள். அந்தப் பாட்டுக்கு நடுவே அவர் தன்னந்தனியாகச் சதுக்கத்தைத் தாண்டிப் போனார். அவர் வீடு சேர்வதற்குள் அந்தச் சங்கதி அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

தோன் எலியோ எர்சீலியாவின் தோளைத் தொட்டார். "இதோட விட்டுடும்மா. வயசானவர். மன்னிச்சிடு."

"மன்னிப்பை அவரு 1949-லயே எனக்கு எழுதி அனுப்பிட்டாரு சாமி. அது அவர்கிட்ட நிறைய இருக்கு, எங்கிட்டதான் இல்ல."

ஜி-யை எடுத்து ஆறுவிரல்காரரின் மேல் வைத்தாள். பசை இல்லாமலேயே அது தன் கறைக்குள் போய்ப் படிந்தது. பாட்டுக் குழுவில் யாரோ தொடங்க, நாஸரேனோவின் கட்டைக் குரல் சேர, திருவிழாப் பாட்டை ஊர் பாடியது. எர்சீலியா பாடவில்லை. முப்பத்து மூன்று வருஷத்தில் முதன்முறையாக, எல்லோருக்கும் முன்னால், அப்பா என்று சொல்லி ஓவென்று அழுதாள்.

மறுநாள் காலை மேயர் சிவப்புத் திரைக்குப் பின்னால் இருந்த சலவைக்கல்லைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். நல்ல கல், தூக்கிப் போட மனசில்லை.

"திருப்பிப் போட்டா முதுகு வழவழன்னுதான் இருக்கு" என்றான் நாஸரேனோ. "அத்தீலியோ கோர்பெல்லி மண்டபம். ரெண்டு நாள்ல செதுக்கிடுவேன். இந்தப் பக்கத்துப் பேரை முதல்ல கொத்தி எடுத்துடட்டுமா எர்சீலியா?"

எர்சீலியா கல்லின் அருகே போனாள். குய்தோபால்தோ தாந்தினி. ஒவ்வொரு எழுத்தும் அரை விரல் ஆழம். விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

"வேணாம். அழிக்காதே. அப்படியே இருக்கட்டும்" என்றாள். "சுவத்தைப் பாத்துக்கிட்டே கிடக்கட்டும். சிமெண்ட்டை மட்டும் தாராளமாப் பூசு."